கை நின்ற இடங்கள்

கஸ்பர் பெட்டியோடு வரும் நாட்களில் கிளறிற்றா காலையிலேயே தலை முழுகிவிடுவாள். படம் பிடிக்கப்போவது என்னவோ கைகளை மட்டும்தான். அவளுடைய போனை மூன்றுகால் தாங்கியில் பூட்டி, குசினி மேசையைப் பார்த்தபடி கவிழ்த்து வைத்துவிட்டு அவன் போய்விடுவான். அதற்கு ஏன் தலை முழுக வேண்டும் என்று அம்மா கேட்பாள். கோயிலுக்குப் போகிற மாதிரி ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

கஸ்பர் அவளுடைய பெரியம்மாவின் மகன். பொறியியல் படித்தவன். ஒரு கொம்பனியில் கொஞ்சக்காலம் வேலை செய்து அலுத்துப்போய், டெக்லன் என்ற ஐரிஷ் நண்பனோடு சேர்ந்து பார்க்கிங் என்ற ஊரில் ஒரு யூனிற், அதாவது சின்னத் தொழிற்கூடம் ஒன்று, எடுத்தான். அயர்லாந்துக்காரரின் வாத்தியங்களைச் சின்னதாக்கி, மெல்லிய பலகையில் லேசரால் வெட்டி, பசை, ஆணி, நூல், செய்முறைத் தாள் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டு விற்பதுதான் அவர்களுடைய தொழில். வாங்குகிறவர்கள் வீட்டில் இருந்து தாங்களே பொருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகளும் வாங்கினார்கள். ஓய்வுபெற்ற கிழவர்களும் வாங்கினார்கள். அமெரிக்காவிலிருந்தெல்லாம் ஓடர் வந்ததாம்.

செய்முறைத் தாள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியும் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில், ஒரு சலூனுக்கு மேலே இருக்கும் கிளறிற்றாவின் வீட்டுக்கு வரும். அவள்தான் அதை முதன்முதலாகப் பொருத்திப் பார்ப்பாள். அதற்குக் கஸ்பர் சில சட்டங்கள் வைத்திருந்தான்.

"முன்னுக்குப் புரட்டிப் பாக்கக்கூடாது, கிளறி. ஒரு படி முடிச்சாப் பிறகுதான் அடுத்த படி. பிழைச்சால் பிழைச்சபடி செய். என்னட்டக் கேக்கக்கூடாது. இன்ரநெற்றில பாக்கவே கூடாது. உன்ர கை பழுதாப் போயிடும்."

பாட்டுக்காரர் குளிர்ந்த தண்ணீர் குடிக்காமல் தொண்டையைக் காப்பது போல அவள் தன் கைகளைக் காத்தாள். போனில் எங்காவது ஐரிஷ் வாத்தியம் ஒன்று தென்பட்டால் உடனே விரலால் தள்ளிவிடுவாள்.

படம் அவனிடம் போனதும் அவன் அதை வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பான். முழுவதையும் பார்ப்பதில்லை. அவளுடைய கை எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறது என்று மட்டும் பார்ப்பான். கை நின்றால் தாளில் அந்தப் படி விளங்கவில்லை என்று அர்த்தம். அதைத் திருத்தி எழுதுவான். இரண்டாவது தடவை கை நிற்காமல் போனால்தான் தாள் அச்சுக்குப் போகும்.

"எங்கட யூனிற்றில எல்லாரும் என்ன கேக்கிறவை தெரியுமோ?" என்று ஒருநாள் அம்மாவுக்கு முன்னாலேயே சொன்னான். "'இது கிளறிற்றாவைத் தாண்டிற்றுதோ?' எண்டுதான். நீ ஓம் எண்டாத்தான் பெட்டி வெளிய போகும்."

அன்று முழுவதும் கிளறிற்றா வீட்டுக்குள் நடந்த நடையே வேறாக இருந்தது. இல்ஃபோர்ட்டில் படிக்கப்போய், இடையில் விட்டுவிட்டு வந்தவள் அவள். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. வகுப்பில் தன் பெயரைக் கூப்பிட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும். அது நாளுக்கு நாள் கூடி, ஒரு காலைநேரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றவள் அப்படியே திரும்பி உள்ளே வந்துவிட்டாள். பிறகு போகவில்லை. சொந்தக்காரர் கேட்டால் அம்மா "அவளுக்கு உடம்புக்கு ஏலாது" என்பாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று கேட்டவர்களுக்கும் தெரியும். அப்படிப்பட்டவளை ஒரு தொழிற்சாலையே எதிர்பார்த்து நிற்கிறது என்றால் லேசான விஷயமா?

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன், கொன்சர்ட்டினா வந்தது. ஆர்மோனியத்தின் துருத்தியை மட்டும் கழற்றி இரண்டு கைக்கும் நடுவில் பிடித்தது போல ஒரு சின்னப் பெட்டி. அதன் கடதாசி மடிப்புகளில் அவளுடைய கை பலமுறை நின்றது. கடைசியில் அதைப் பொருத்தி முடித்து அவள் இழுத்து விட்டபோது, பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. கஸ்பர் கைதட்டிச் சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லும் வந்தது.

"அடுத்த பெரிய வேலை ஹார்ப். அது மட்டும் வெளிய வரட்டும், உனக்கு யூனிற்றில ஒரு மேசை போட்டுத்தாறன். ஜன்னல் கரையில. நீ ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை. வந்து இருந்து செய்திட்டுப் போ."

ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை. அந்த ஒரு வசனத்துக்காகவே அவனுக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது அவளுக்கு. தை மாதத்தில் ஒருநாள், அம்மாவுக்குச் சொல்லாமல், தனியாகப் பஸ் ஏறிப் பார்க்கிங் வரை போய், ஸ்ரேஷனடியில் இறங்கி, எதிர்ப்பக்கத்தில் அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். போய்வர ஏலுமா என்று பார்க்கத்தான். ஏலும் என்று தெரிந்தது. அதன்பிறகு அவள் நினைப்பெல்லாம் அந்த மேசையில்தான் இருந்தது. அது என்ன நிறமாக இருக்கும், நூலும் ஆணியும் போட லாச்சி இருக்குமா, வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஹார்ப்புக்கு முன் பௌரான் வந்தது. அது ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய வட்டப் பறை. நிமிர்த்திப் பிடித்து, கட்டைக் குச்சியால் அடிப்பது. மாசி முழுக்க அவள் அதோடு மாரடித்தாள். பலகைப் பட்டியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வளைத்து, உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அது இரண்டு தரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. ஒரு தரம் அவளுடைய நாடியில் பட்டுக் கன்றிவிட்டது. ஆனாலும் விடவில்லை. பங்குனியில் அவள் கட்டிய பறை அவன் கைக்குப் போனது. அதைத் திருப்பித் தரச்சொல்லி அவள் கேட்கவில்லை. எதையும் அவன் அவளிடம் விட்டுவைப்பதில்லை. சாம்பிள் வேண்டுமாம்.

அயர்லாந்துக்காரரின் பாதுகாவலரான புனித பற்றிக் திருநாளுக்குப் பங்குக் கோயில் மண்டபத்தில் கொண்டாட்டம். பங்குச் சனத்தில் பாதிப்பேர் பழைய ஐரிஷ்காரர், மீதிப் பாதியில் பெரும்பங்கு எங்கட சனம். மண்டபத்தின் ஒரு கரையில் கஸ்பருக்கு ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். பௌரான் பெட்டியை அங்கேதான் முதன்முதலாக விற்கப்போகிறான்.

"நீ வராத, கிளறி. சனம் நிரம்பி வழியும். உனக்குச் சரிவராது" என்று முதல்நாளே சொல்லியிருந்தான்.

எவ்வளவு அக்கறை என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆனால் தன் பறையை மேசையில் வைத்து நாலுபேர் பார்ப்பதைத் தானும் ஒருதரம் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. அம்மா மேரிசாந்தி புறப்பட்டபோது அவளும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அம்மாவுக்குக் கண் விரிந்தது. காரணம் கேட்டால் மகள் மனம் மாறிவிடுவாள் என்று பயந்து கதவைத் திறந்துவிட்டாள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அம்மா நெற்றியைச் சுருக்கினாள். பச்சைத் தொப்பியும் பியர்ப் போத்தலுமாக ஒரே அமளி. மூலையில் இரண்டு பேர் வயலின் வாசித்தார்கள்.

"தபசு காலத்தில மேளமும் கூத்தும்" என்றாள் அம்மா, பக்கத்தில் நின்ற ஒரு மன்னார் மனுசியிடம். "ஊரில பங்குச் சுவாமி கண்டிருந்தால் எல்லாரையும் முழங்காலில விட்டிருப்பார்."

"இங்க சுவாமியே தொப்பி போட்டுக்கொண்டு நிக்கிறார் அக்கா, அங்க பாருங்கோ" என்றாள் அந்த மனுசி.

தபசு நோன்பென்று இரண்டு பேரும் இறைச்சி றோல்சைத் தொடாமல் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று சிரித்தார்கள். கிளறிற்றா சமையலறைக் கதவின் ஓரமாக, கதிரைகள் அடுக்கியிருந்த இடத்தில் ஒதுங்கிக்கொண்டாள். அங்கிருந்து மேசை தெரிந்தது. அவளுடைய பறை மேசையில் இல்லை. பெட்டிகள்தான் அடுக்கி இருந்தன. மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய திரை. கஸ்பர் மைக்கைத் தட்டினான்.

அவன் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினான். நல்லாகத்தான் பேசினான். சனத்தைச் சிரிக்கவைக்க அவனுக்கு எப்போதும் ஏலும். "இதைக் கட்ட மூளை தேவையில்லை. நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், நிரூபித்துக் காட்டுகிறேன்" என்றான். திரை வெளித்தது.

கிளறிற்றாவின் குசினி மேசை. அதன் பூப்போட்ட விரிப்பு. அவளுடைய கைகள்.

படத்தை நல்ல வேகத்தில் ஓடவிட்டிருந்தான், பின்னால் துள்ளல் இசை வேறு. கைகள் கோழி கொத்துவது போலப் பலகையைக் கொத்தின. பட்டி பிய்த்துக்கொண்டு பறந்தது. மண்டபம் சிரித்தது. அதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பறக்கவிட்டிருந்தான். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். தோலை மறுபக்கமாகப் போட்டுக் கடைசி ஆணி வரை அடித்துவிட்டு, பிழையென்று கண்டு, கைகள் அப்படியே நின்ற இடத்தில் இசையையும் நிறுத்தியிருந்தான். கைகள் மட்டும் திரையில், என்ன செய்வதென்று தெரியாமல், பலகைக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றன. ஒரு பொடியன் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் அது வந்தது. தொடங்குவதற்கு முன்னால் பெட்டி மூடியில் பெருவிரலால் ஒரு சின்னச் சிலுவை போடுவது அவளுடைய வழக்கம். ஒருவருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். போன் தன்பாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கஸ்பர் அதைத் தேடி எடுத்து, கடைசியில் சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தான். சிலுவை, சிலுவை, சிலுவை. அதற்குக் கீழே பச்சை எழுத்தில் ஆங்கிலத்தில், 'இவளுக்கே முடிந்தால் உங்களுக்கு முடியாதா?'

சுவாமியும் சிரித்தார்.

முன்வரிசையில் இருந்த மிஸிஸ் கீனன் என்ற கிழவி கையை உயர்த்தினாள். பங்கிலேயே மூத்தவள், வாயும் பெரிது. "யார் இந்தப் பிள்ளை? இவ்வளவு பாடுபடுகிறாளே, அவளுக்கு ஒரு வேலை கொடுக்கக் கூடாதா?"

"கொடுக்கலாம்" என்றான் கஸ்பர். "ஆனால் தொழிற்சாலைக்கு வந்தால் அவள் பழகிவிடுவாளே! பழகிவிட்டால் முடிந்தது கதை. இப்படி ஒரு வெற்றுத் தலையை நான் பிறகு எங்கே போய்த் தேடுவது?"

மண்டபம் கைதட்டியது. மிஸிஸ் கீனன் மட்டும் கைதட்டவில்லை. அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்னவோ.

கிளறிற்றா அந்தக் கதிரை அடுக்கோடு அடுக்காக நின்றாள். அவள் பார்த்தது திரையை அல்ல, அம்மாவை. அம்மாவின் உதட்டில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. கோப்பைக்கு மேலே கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. பிறகு அவை மகளைத் தேடி, கண்டு, சிரிப்பை நிறுத்தின.

வாசலில் ஜக்கெற் போடும்போது கஸ்பர் ஓடிவந்தான். முகம் வியர்த்திருந்தது.

"நீ வருவாய் எண்டு எனக்குத் தெரியாதடி. உது சும்மா பகிடிக்கு. உன்ர முகம் தெரியேல்லைத்தானே? பேரும் சொல்லேல்லை."

அவள் குனிந்து, அவிழ்ந்திருந்த சப்பாத்து நாடாவைக் கட்டினாள்.

"கையைத்தானே காட்டினவன்" என்றாள் அம்மா. "ஆருக்குத் தெரியப்போகுது?"

"அதுதானே சின்னம்மா. நல்ல சேல் போகுது. கிளறியாலதான்."

அவள் கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். நிமிர்ந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தானாகவே தொடங்கினாள்.

"உனக்குக் கெடுதல் நினைச்சே செய்தனான்? படிப்பையும் விட்டிட்டாய். ஒரு சனத்தோடயும் கதை பேச்சில்லை. நாள் முழுக்க அறைக்குள்ள. ஏதாவது குடு தம்பி, அவள் கைவேலையா இருக்கட்டும் எண்டு நான்தான் அவனைக் கேட்டனான்."

"அண்ணா என்ன சொன்னவர்?"

அவள் வாய் திறந்ததே அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"தனக்கும் ஒண்டும் விளங்காத ஆள் ஒண்டு தேவைப்படுது எண்டான். படிச்ச பெடியள் செய்தால் தாள் பிழையெண்டாலும் தாங்களாச் சரிக்கட்டிச் செய்துபோடுவாங்களாம். மொக்கு ஒண்டு இருந்தாத்தான் பிழை தெரியுமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்னத்தைச் சொல்ல? சிரிச்சனான்." அம்மா சோபாத் துணியை நீவினாள். "உன்னைச் சொல்லேல்லை, பிள்ளை. தொழிலுக்குத்தானே சொன்னவன்."

"மேசை?"

"என்ன மேசை?"

கிளறிற்றா அறைக்குள் போனாள். கட்டிலில் இருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். இன்ரநெற்றில் பாராதே என்றது. கேள்வி கேளாதே என்றது. செய்ததை விட்டுவைக்காமல் கொண்டுபோனது. யூனிற் பக்கம் கூட்டிப்போகாதது. கை பழுதாகிவிடும் என்றது. எல்லாம் ஒன்றுதான். அவள் எதையும் பழகிவிடாமல் அவன் கவனமாகப் பார்த்திருக்கிறான். குஞ்சு பொரித்துவிடக் கூடாது என்று முட்டையைக் குளிரில் வைப்பது போல. கிளறிற்றாவைத் தாண்டிற்றுதோ என்று அவர்கள் கேட்டதை நினைத்து அன்றைக்கு எப்படியெல்லாம் நடந்தாள்! அந்த நடையை நினைக்கத்தான் அவளால் ஏலாமல் இருந்தது. திரையையும் சிரிப்பையும்கூடப் பொறுக்கலாம்.

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் கஸ்பர் வந்தான். ஒரு கையில் ஹார்ப் பெட்டி, மறு கையில் மீன் றோல்ஸ்.

"அண்ணாவோட கோவமோ?"

"அவளுக்கென்ன கோவம்" என்றாள் அம்மா. "இரு தம்பி, தேத்தண்ணி போடுறன்."

அவன் பெட்டியை மேசையில் வைத்து, மூடியைத் திறக்காமல், அதன்மேல் கை வைத்தபடி பேசினான். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் தாளை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். கோடைகால விழாக்களுக்கு ஓடர் குவிந்து கிடக்கிறது. அதோடு அவன் இன்னொரு திட்டமும் வைத்திருந்தான். அதே ஹார்ப்பை வேறு பெட்டியில் போட்டு, யாழ் என்று பெயர் வைத்து, எங்கட கடைகளிலும் விற்பது.

"அவையளுக்கு ஹார்ப், எங்களுக்கு யாழ். பலகை ஒண்டு, பெட்டி ரெண்டு. எப்பிடி சின்னம்மா?"

"உனக்கு மூளையடா" என்றாள் அம்மா.

"இந்தமுறை ரெண்டாம் தரம் செய்து பாக்க நேரமில்லை, கிளறி. ஒரே தரம்தான். கை நிண்ட இடத்தைத் திருத்திப்போட்டு உடன அனுப்பிவிடுவன். புதன்கிழமை வாறன், என்ன?"

அவள் தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போனபின் பெட்டியைத் திறந்தாள். போனைத் தாங்கியில் பூட்டவில்லை. மூடியில் சிலுவையும் போடவில்லை. தாளை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, முதலாம் படியிலிருந்து கடைசிப் படி வரை ஒரே மூச்சில் வாசித்தாள்.

ஒன்பதாம் படியில் ஏதோ பொருந்தவில்லை. திரும்ப ஆறாம் படிக்குப் போனாள். மறுபடி ஒன்பதுக்கு வந்தாள்.

ஹார்ப்பின் அடியில் ஒரு மரப்பெட்டி. அதன் முன்பலகையில் வரிசையாக ஊசித் துளைகள். ஒவ்வொரு நைலோன் நூலின் நுனியிலும் முடிச்சுப் போட்டு, பெட்டிக்கு உள்ளே இருந்து அந்தத் துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். முடிச்சு உள்ளே இறுகி நிற்கும். இது ஒன்பதாம் படி. ஆனால் ஆறாம் படியிலேயே பெட்டியின் பின்பலகையைப் பசை பூசி ஒட்டி மூடிவிடச் சொல்லியிருந்தது. மூடிய பெட்டிக்குள் விரல் எப்படிப் போகும்? பின்பலகையில் ஓட்டையும் இல்லை. தாள் சொன்னபடி செய்கிறவர் எவரும் இந்த ஹார்ப்புக்கு ஒரு நூல்கூடக் கட்ட ஏலாது. கஸ்பர் வெட்டி வெட்டிப் பழகியவன். அவன் கை தானாகவே நூலை முதலில் கோத்துவிட்டிருக்கும், எழுதும்போது இடம் மாறியது தெரிந்திருக்காது.

அவள் செய்ய வேண்டியது மிகவும் சுலபம். தாள் சொன்னபடி ஒட்டி மூட வேண்டும். ஒன்பதாம் படியில் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவும்தான் அவளுடைய உத்தியோகம். அவன் பார்ப்பான், தலையில் அடித்துக்கொண்டு திருத்துவான். இன்னொரு மண்டபத்தில் அந்தக் கைகள் இன்னொரு தரம் தொங்கும்.

கிளறிற்றா நூல்களை எடுத்தாள். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு முன்பலகைத் துளைகளில் கோத்தாள். பிறகு ஒவ்வொரு நூலையும் உட்பக்கமாகத் திரும்ப இழுத்துச் சுருட்டி, நுனியை மட்டும் நகக்கண் அளவுக்கு வெளியே விட்டாள். மீன்பிடிக்கிற நூல் மாதிரி கண்ணாடி நிறம். மேலேயிருந்து பார்க்கிற போனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் போனைப் பூட்டி, பொத்தானை அமத்தினாள்.

கைகள் ஓடின. முதலாம் படி, இரண்டாம் படி, வளைந்த கழுத்து, தூண், பெட்டி. ஆறாம் படியில் பின்பலகையை ஒட்டி அமத்திப் பிடித்தாள். ஒன்பதாம் படியில் ஹார்ப்பின் பின்பக்கத்தைத் தன் நெஞ்சோடு அணைத்து, உள்ளே விடுகிற பாவனையில் ஒரு கையைப் பின்னால் கொடுத்து, மறு கையால் நுனியைப் பிடித்து இழுத்தாள். நூல் வெளியே வந்து முடிச்சில் நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. ஆணிகளில் சுற்றினாள். எந்த இடத்திலும் கை நிற்கவில்லை. அவ்வளவு வடிவாக அவள் எதையும் செய்ததில்லை. யாராவது உண்மையாகப் பார்த்திருந்தால் அது அவளுக்கே ஒரு சந்தோஷமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை பின்னேரம் கஸ்பர் மேசையில் இருந்து படத்தை ஓடவிட்டான். விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனது. அவள் அடுப்படியில் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முடிவுக்கு வந்துவிட்டான். நம்பாமல் இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தான்.

"எட! ஒரு இடத்திலயும் நிக்கேல்லையே!"

அம்மா எட்டிப் பார்த்தாள். "நல்லதுதானே தம்பி?"

"நல்லதோ? இது திறம், சின்னம்மா. முதல் தரத்திலயே! இந்தமுறை தாளை அப்பிடி யோசிச்சு யோசிச்சு எழுதினனான். டெக்லன் விளங்காது எண்டவன், இப்ப வரச்சொல்லு அவனை." ஹார்ப்பைத் தூக்கி நூல்களை விரலால் வருடினான். மெல்லிய, கொஞ்சம் பிசகிய ஒரு சத்தம் வந்தது. "கிளறிக்கே இப்பிடி விளங்கியிருக்கெண்டால் ஆருக்குத்தான் விளங்காது?"

தன் போனை எடுத்துத் தாளை அச்சகத்துக்கு அனுப்பத் தொடங்கினான். கிளறிற்றா மேசையடிக்கு வந்தாள். இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம் அது.

"அண்ணா."

"ம்?"

"ஹார்ப் முடிஞ்சுது. நான் இனி யூனிற்றுக்கு வரட்டோ?"

அவன் விரல் திரைக்கு மேலே நின்றது. அவளுக்கு அந்த நொடியில் எல்லாம் மறந்துபோனது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆறாம் படியையும் ஒன்பதாம் படியையும் அவனுக்கு உடனே சொல்லிவிடுவாள், மண்டபத்தைக்கூட விட்டுவிடுவாள். அவளுடைய கை தாளை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது.

கஸ்பர் அம்மாவைப் பார்த்தான். அம்மா றோல்ஸ் தட்டைப் பார்த்தாள்.

"உனக்கேனடி அந்தக் கரைச்சல்?" என்றான் அன்பாக. "அங்க குளிர், ஒரே தூசு, பெடியள் கண்டபடி கதைப்பாங்கள். நீ வீட்டில ராணி மாதிரி இருந்து செய். ஆவணியில காத்துப்பை வைச்ச பைப்ஸ் வருது, அதுதான் பெரிய ஆட்டம். நீ இல்லாமல் எனக்கு ஏலாது."

கை திரும்பி வந்து அவளுடைய பாவாடை மடிப்பைப் பிடித்துக்கொண்டது.

"எங்கயும் கஷ்டமா இருந்ததோ? கடைசியாக் கேக்கிறன், அனுப்பட்டோ?"

"இல்லை அண்ணா. திறமா எழுதியிருக்கிறியள்."

அவன் அமத்தினான். போன் ஒரு சின்னச் சத்தம் போட்டது. "போயிட்டுது" என்றான். "ரெண்டு பெட்டிக்கும் ஒரே தாள்."

மீன் றோல்ஸ் தின்று, ஹார்ப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் போனான். படியில் இறங்கும்போது நூல்கள் சுவரில் உரசிச் சத்தமிட்டது கேட்டது. கிளறிற்றா மேசையில் சிந்தியிருந்த பசைத் துளிகளை நகத்தால் சுரண்டினாள். கோடையில் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இந்தப் பெட்டியைத் திறக்கும். சொன்னபடியே ஒட்டும். ஒன்பதாம் படியில் நூலை வைத்துக்கொண்டு முழிக்கும். தாளில் பிழை இருக்கும் என்று அதற்குத் தோன்றாது. தனக்குத்தான் ஒன்றும் விளங்குதில்லை என்று நினைக்கும். அவளைப் போல ஒரு பிள்ளை. அதை அவள் திங்கட்கிழமை யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள். அவளுடைய போன் மேசையிலேயே இருந்தது, அவனுடைய நம்பரும் இருந்தது. இன்னும் அவன் காரடிக்குக்கூடப் போயிருக்க மாட்டான். பசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். கீழே கார்க் கதவு சாத்தப்பட்டது.

"என்னடி, ஒண்டும் பேசாமல் இருக்கிறாய்?" என்றாள் அம்மா. "அண்ணா உன்னை எவ்வளவு புகழ்ந்தவன். ஒரு சந்தோஷம் இல்லையே?"

கிளறிற்றா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"நான் பேசினனான் அம்மா" என்றாள். "உங்களுக்கு முன்னாலதான் பேசினனான்."